வெட்டிய வீட்டு மரம்: கூலிக்கு ஈடா, மரவாடிக்கா, அறுத்து வைப்பதா?

வீடு விரிவாக்கவோ, சுவர் விரிசல் விடுகிறது என்றோ தோட்டத்து மரத்தை வெட்ட ஆள் கூப்பிட்டால், முதலில் வரும் பேச்சு இதுதான்: "கூலி வேண்டாம், கட்டையை எடுத்துக்கிறோம்." கேட்க லாபமாகத்தான் இருக்கும். முருங்கை, வாதாம் போன்றவற்றுக்கு யோசிக்காமல் சரி சொல்லலாம். பலா, வேம்பு, பூவரசு என்றால், டேப்பை எடுத்து அளக்காமல் வாய் திறக்காதீர்கள்.

மரவாடி, அதாவது மரம் வாங்கி விற்கும் கடையின் கணக்கு எளிது. அடிமரத்தின் நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தின் அடியாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 48 அங்குலச் சுற்று, 8 அடி நீளம் என்றால் 8 கன அடி. உண்மைக் கன அளவு 10-க்குச் சற்று மேல். அறுவைச் சேதாரத்துக்காக விட்டுக்கொடுக்கும் வழக்கம் அது. அதற்கும் மேல் பட்டைக்கு ஒரு கழிவு, வெள்ளைக்கு (பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம்) ஒரு கழிவு என்று கேட்டால் பேரம் பேசுங்கள். வீட்டு மரத்துக்கு விலை குறைவதில் நியாயமான காரணமும் உண்டு. கொடி கட்ட அடித்த ஆணி பட்டைக்குள் மூடிப்போயிருக்கும். அறுவை மில்லில் அது பிளேடையே காலி செய்துவிடும்.

இரண்டில் ஒன்று என்றால், கூலிக்கு ஈடாகக் கொடுப்பதைவிட, வெட்டுக்கூலியைத் தனியாகக் கொடுத்துவிட்டு மரவாடிக்கு விற்பது மேல். ஆனால் பலாவுக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். அறுத்து வையுங்கள்.

அந்த 8 கன அடிக் கட்டையில் வெள்ளையைக் கழித்தாலும் நாலு, நாலரை கன அடி வைரம் (நடுவிலுள்ள கெட்டி மரம்) தேறும். ஏழடி உயரம், மூன்றடி அகலத்தில் ஓர் அறைக்கதவு நிலைக்கு, 4-க்கு 3 அங்குலச் சட்டமாக, ஒன்றே முக்கால் கன அடிக்குள் போதும். ஆக இரண்டு நிலை. அறுத்த அன்று மஞ்சளாக இருக்கும் பலா, வெளிச்சம் பட்டுப் பட்டு செம்பழுப்பாகிவிடும். பாலிஷ் போட்டால் தேக்கைத் தேட வேண்டாம்.

இதில் செலவு பணத்தைவிடப் பொறுமைதான். பலகைகளை நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, நடுநடுவே ஒரே கனத்தில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்க வேண்டும். ரீப்பர்கள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக அமைய வேண்டும். தள்ளிப்போனால் பலகை வளையும். வெட்டுமுனைகளில் பெயின்ட் அடித்துவிடுங்கள், வெடிப்பு குறையும். ஓரங்குலப் பலகைக்கே ஆறு மாதமாவது கொடுங்கள், நிலைச்சட்டத்துக்கு இன்னும் அதிகம். வைக்க இடமில்லை, ஆறு மாதம் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் விற்பதே சரி.

வேம்பு பூச்சிக்குப் பேர்போன எதிரி. ஆனால் நார் பின்னி ஓடுவதால் அகலப் பலகையாக அறுத்தால் முறுக்கிக்கொள்ளும், சட்டமாகவே அறுங்கள். மா நேர்மாறு: வெட்டிப் போட்ட சில வாரங்களிலேயே நீலம் பாய்ந்து, உளுக்கத் தொடங்கும். உடனே மில்லுக்குப் போகாத மாமரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். புளியின் அடிக்கட்டையை மட்டும் விறகுக்குக் கொடுக்காதீர்கள். கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்கு அதைத்தான் தேடுவார்கள்.

பண்ருட்டி, தஞ்சாவூர்ப் பக்கம் பருத்த பழைய பலா வைத்திருப்பவர்களுக்கு நாலாவதாக ஒரு வழி உண்டு. வீணையும் மிருதங்கமும் பலாவில்தான் கடைகிறார்கள். ஏகாந்த வீணைக்குக் குடம் முதல் தண்டிவரை ஒரே கட்டை வேண்டும். அப்படி மரம் இருந்தால், வெட்டுவதற்கு முன்பே செய்பவரை வரவழைத்துக் காட்டுங்கள். எட்டடியாகத் துண்டு போட்டபின் அவருக்கு அது பயன்படாமல் போகலாம்.

சந்தனம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கோடாரி வைக்கவே கூடாது. ஈட்டி, தேக்கு என்றால் வெட்டுவதற்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வண்டியில் ஏற்றியபின் கேட்பது வேலைக்கு ஆகாது.