கூகுளின் ‘ரீயூனியன்’: தேடுசொற்களால் நகரும் ஒரு விளம்பரக் கதை

2013 நவம்பரில் கூகுள் இந்தியா யூடியூபில் வெளியிட்ட ‘ரீயூனியன்’ விளம்பரப் படத்தை, இணையத்தில் கதை சொல்லிப் பொருளை அறிமுகப்படுத்த விரும்பும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். ஓகில்வி விளம்பர நிறுவனம் உருவாக்கிய இப்படம் ஏறத்தாழ மூன்றரை நிமிடமே ஓடுகிறது. பிரிவினையின்போது லாகூரில் விட்டுவந்த பால்ய நண்பர் யூசுஃபைப் பற்றி டெல்லியில் வாழும் முதியவர் பல்தேவ் தம் பேத்தியிடம் பேசுகிறார்; பட்டம் விட்ட பூங்கா, அதனருகே இருந்த பழைய கல் நுழைவாயில், யூசுஃபின் இனிப்புக் கடையில் திருடித் தின்ற ஜஜரியா என்று அவர் நினைவிலிருந்து உதிரும் சொற்களே பேத்தியின் தேடுசொற்களாகின்றன. என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். தேடுபொறியை எவரும் வாய்திறந்து புகழ்வதில்லை. ஆனால் யூசுஃபைக் கண்டறிந்து டெல்லிக்கு வரவழைக்கும் வரை, விசா விதிகள், வானிலை, விமான நேரம் என ஒவ்வொரு தேடலும் கதையை ஓரடி முன்னே நகர்த்துவதால், கூகுள் தேடலை நீக்கினால் கதையே நின்றுவிடும். கண்ணீரை வரவழைத்துவிட்டு இறுதியில் நிறுவனச் சின்னத்தை ஒட்டிவைக்கும் விளம்பரங்களில் இந்தப் பிணைப்பைக் காண முடிவதில்லை.

ஒரு குறை உண்டு. எல்லை கடக்க விசா பெறுவது திரையில் தோன்றும் அளவுக்கு எளிதன்று. அந்தக் காத்திருப்பின் வலியை ஒரு காட்சியிலாவது காட்டியிருக்கலாம். ஆயினும், வாசலில் நிற்பவர் யாரென்று பல்தேவ் உணரும் அந்தச் சில நொடிகளுக்காகவே இதனை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன்.