காருக்குள் ஒட்ட உலோகப் பட்டி: அலுமினியம், ஸ்டீல், பித்தளை எதை எங்கே வாங்குவது?

‘குரோம் பட்டி’ என்று விற்பதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான். வெட்டிய முனையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிஜ உலோகம் வேண்டுமென்றால் கார் அலங்காரப் பொருள்களோடு தேடலை நிறுத்த வேண்டாம். டைல்ஸ் விளிம்புக்கும் அலமாரிக் கதவுக்கும் வரும் அலுமினிய ப்ரொஃபைல்களில் தட்டை, அரைவட்டம், யூ, எல் என எல்லா வடிவமும் உண்டு. டேஷ்போர்டுக்கும் டோர் பேடுக்கும் அவை நன்றாகவே பொருந்தும்.

வாங்குவதற்கு முன் அட்டையில் ஒரு மாதிரி வெட்டி, பட்டி எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று பாருங்கள். தட்டை வாக்கில் வளைவது எளிது. விளிம்பு வாக்கில், அதாவது அரிவாள் மாதிரி வளைய வேண்டுமென்றால் எந்த நேர்ப்பட்டியும் உதவாது. உள்விளிம்பு சுருங்கி நெளியும். அந்த இடத்துக்குத் தகட்டிலிருந்து வடிவத்தையே வெட்டி எடுக்க வேண்டும். பாதி வேலைகள் கெடுவது இங்கேதான்.

அனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் கடினமான ஆக்சைடு பூச்சு ஏற்றிய), ஹேர்லைன் (ஒரே திசையில் மெல்லிய கீறல்கோடுகள் உள்ள) அல்லது மேட் (பளபளப்பில்லாத) அலுமினியம்தான் எங்கள் முதல் தேர்வு. எடை குறைவு, கைரேகை அதிகம் தெரியாது. அனோடைஸ் பூச்சில் மின்சாரம் பாயாது. அதனால் மல்டிமீட்டரை பஸ்ஸரில் (மின்சாரம் பாய்ந்தால் சத்தம் தரும் நிலையில்) வைத்து அதன் இரு முனைகளாலும் மேற்பரப்பை மெல்லத் தொடுங்கள். சத்தம் வந்தால் அது பூச்சில்லாத வெறும் அலுமினியம். தேய்த்தால் விரலில் கருப்பு ஏறும். அனோடைஸ் பூச்சு கடினமானது, வளையாது. இறுக்கமாக வளைத்தால் மயிரிழை விரிசல்கள் வரிசையாகத் தெரியும். சிறிய வளைவென்றால் முதலில் வளைத்து, பிறகுதான் அனோடைஸ் செய்ய வேண்டும்.

கால் படும் வாசற்படிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நிகரில்லை. அதில் காந்தம் நன்றாக ஒட்டினால் பெரும்பாலும் 430 ரகம், ஒட்டாவிட்டால் 304 அல்லது 202 ரகமாக இருக்கலாம். ஈரக்கால் படும் இடத்துக்கு 304 நல்லது. பித்தளை அழகு, ஆனால் மேலே லாக்கர் (நிறமற்ற காப்புப் பூச்சு) இல்லையென்றால் வியர்வை பட்டுக் கறுக்கும். டேஷ்போர்டின் மேல்புறத்தில் பளபளப்பான எதுவும் வேண்டாம். முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கும். ஏர்பேக் மூடி, அதன் பிளவுக்கோடு, கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடியோரம் விரிவது) இருக்கும் தூண் உறை ஆகியவற்றில் எந்த உலோகமும் ஒட்டவே கூடாது. ஏர்பேக் வெடிக்கும்போது அது ஆளை நோக்கிப் பறக்கும்.

ஒட்டிய பட்டி பிறகு கழன்று வர முக்கியக் காரணம் வெப்பம். 50 டிகிரி உயர்ந்தால் 1 மீட்டர் அலுமினியம் சுமார் 1.2 மி.மீ. நீளும், அதன் அடியிலுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஏறக்குறைய 4 மி.மீ. நீளும். சூப்பர் க்ளூ போன்ற விறைப்பான பசை இந்த இழுபறியில் விட்டுவிடும். 1.1 மி.மீ. அக்ரிலிக் ஃபோம் டேப் கூடவே நெகிழ்ந்துகொடுக்கும். பள்ளத்துக்குள் பதிப்பதானால் 1 மீட்டருக்கு இரு முனையிலும் 1.5 மி.மீ. இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் கச்சிதமாக உட்கார்ந்த பட்டி, குளிரில் பிளாஸ்டிக் சுருங்கும்போது நடுவில் எழும்பி நிற்கும்.

ஹேக்ஸாவில் அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு போட்டு, வெட்டும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் சுற்றி அறுங்கள். பிசிறை அரத்தால் எடுங்கள். அந்த விளிம்பு கையைக் கிழிக்கும். ஒட்டும் இடத்தில் டேஷ்போர்டு பாலிஷ் துளி இருந்தாலும் டேப் பிடிக்காது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து இரண்டு முறை துடையுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துணியால். ரோலரால் அழுத்தி ஒட்டிய பின் முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியை வெயிலில் விட வேண்டாம். ஹேர்லைன் துண்டுகளை அடுத்தடுத்து ஒட்டும்போது பாதுகாப்புத் தாளில் உள்ள அம்புக்குறிகள் எல்லாம் ஒரே திசையில் இருக்கட்டும். ஒன்று திரும்பினாலும் வெளிச்சத்தில் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும்.