மூன்று வருடம் ரயில் சீசன் டிக்கெட்டில் போய்வந்த பிறகு

வேலை மாறப்போகும் நண்பர் நேற்று கேட்டார்: "தினமும் சென்னைக்குப் போகணும், சீசன் எடுத்துடலாமா?" மூன்று வருடமாக நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் சீசனில் போய்வருகிறேன். சட்டென்று பதில் வரவில்லை.

காசு விஷயத்தில் குறையே கிடையாது. ஏறக்குறைய பதினைந்து தடவை போகிற கட்டணத்தில் மாதம் முழுக்கப் போய்வரலாம். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மாதக் கட்டணத்தைப்போல 2.7 மடங்குதான். இந்த ஒன்றால்தான் என் வீட்டு பட்ஜெட் தாங்கியது.

என்னைப் படுத்தியது சூப்பர்ஃபாஸ்ட் ரயில். அதில் ஏற சீசனோடு தனியாகக் கூடுதல் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். முதல் மாதம் கவுன்டரில் கேட்டேன்; "சீசன் இருந்தா எல்லா வண்டியிலயும் போகலாம்" என்றார். நம்பி ஏறினேன். இரண்டு மாதம் பரிசோதகர்கள் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். மூன்றாம் மாதம் புதிதாக வந்தவர் 250 ரூபாய் அபராதமும் கட்டணமும் சேர்த்து ரசீது கிழித்தார். கவுன்டரில் சொன்னதைச் சொன்னேன். "அதை அங்க போய்க் கேளுங்க" என்றார். பெட்டி முழுக்க என்னைத் திருட்டுப் பயணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. மறுநாள் விசாரணை ஜன்னலில் கேட்டால், "சீசன்ல சூப்பர்ஃபாஸ்டே கிடையாது, தினமும் தனி டிக்கெட் எடுக்கணும்" என்று மூன்றாவதாக ஒரு பதில்! சரியான விதியைச் சொன்னவர் எதிர் சீட்டில் பத்து வருடமாக வருகிற ஒரு அக்கா.

அபராதம் போட்டவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் செய்தது சரிதான். கவுன்டரில் இருப்பவருக்கும் முன்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே இருபதடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே பதிலைச் சொல்ல வேண்டாமா? சில வண்டிகளில் முன்பதிவில்லாதவர்களுக்குத் திறந்துவிடும் ஸ்லீப்பர் பெட்டியில் சீசன்காரர் ஏறலாமா என்று கேட்டாலும் இதே கதைதான், ஆளுக்கொரு பதில். இந்த விதிகளை நாலு வரியில் எழுதி கவுன்டர் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் போதும்.

இப்போது கூடுதல் கட்டணமும் கட்டித்தான் போகிறேன். இருந்தும் பரிசோதகர் உள்ளே வந்தால் வயிறு பிசைகிறது.

நண்பரிடம் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டேன்.