அணிவகுப்பைவிட வகுப்பே மேல்: உசிலம்பட்டிப் பக்கத்து மாணவர் காவல் படை

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளி ஒன்றில் என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காவலர்கள் வந்து வகுப்பும் அணிவகுப்புப் பயிற்சியும் தரும் மாணவர் காவல் படையில் எட்டாம் வகுப்பிலேயே சேர்ந்துவிட்டதால், அந்தத் திட்டம் நடைபெறும் விதத்தைத் தொடர்ந்து கவனிக்க எனக்கு வாய்த்தது. பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு என் பதில், தயங்காமல் சேர்க்கலாம் என்பதே. ஆனால் அணிவகுப்பை நம்பிச் சேர்க்க வேண்டாம்.

கேரளத்தில் 2010-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தை 2018 ஜூலையில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தியது. எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கானது. பாடநூலும் தேர்வும் கிடையாது. மாதத்திற்கு ஒரு வகுப்பு என்பது ஏற்பாடு. பயிற்சிச் செலவுக்காகப் பள்ளி ஒன்றுக்கு 50,000 ரூபாய் என அப்போது அறிவிக்கப்பட்டது. எங்களிடம் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. அணிவகுப்புப் பயிற்சி ஒழுங்காகவே நடக்கிறது, சுதந்திர தின விழாவில் பார்க்க நன்றாகவும் இருக்கிறது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வகுப்பின் கதை வேறு. பெற்றோரும் உட்கார்ந்து கவனிக்கலாம் என்று அழைத்திருந்த ஒரு நாளில், பாடம் எடுக்க வந்த பெண் தலைமைக் காவலர், உதவி எண்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு மாணவியை எழுப்பி, அளவுகோலைத் தொலைபேசியாகக் காதில் வைத்துப் பேசச் சொன்னார். பெயரைச் சொல்லிவிட்ட அந்தப் பெண், எந்தக் காவல் நிலைய எல்லை என்று கேட்டதும் திகைத்து நின்றாள். அது தெரியாவிட்டால் பரவாயில்லை, 112-ஐ அழைத்து ஊர்ப் பெயரையும் பக்கத்திலுள்ள கோயில் அல்லது பேருந்து நிறுத்தத்தையும் சொன்னால் போதும் என்று விளக்கிய பிறகே, குழந்தைகளுக்கான 1098, இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்று ஒவ்வொன்றாக எடுத்தார். எண்களை மனப்பாடம் செய்வதற்கும் பேசிப் பழகுவதற்கும் உள்ள தூரம் அன்றுதான் எனக்கே புரிந்தது.

அதன்பின் பேச்சு புகையிலைக்குத் திரும்பியது. உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் 'கூல் லிப்' புகையிலை பள்ளி மாணவர்களிடையே பரவுவதைப் பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2024-இல் கவலை தெரிவித்திருந்தது நினைவிருக்கலாம். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை அவர் எடுத்துரைத்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்: "கடைக்காரரு எனக்குப் பெரியப்பா முறை மேடம். நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா?" வகுப்பில் சிலர் சிரித்தார்கள். தலைமைக் காவலர் சிரிக்கவில்லை. பெயரையும் கடையையும் சொல்ல வேண்டாம், தெருவைச் சொன்னால் போதும், வழக்கமான ரோந்துபோல நானே எல்லாக் கடைகளையும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சொந்தபந்தம் தெருவெல்லாம் நிறைந்திருக்கும் ஊரில் இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகக் கருதிய ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பெயரால் ஆண்களிடம் கைரேகை பதிந்த வட்டாரம் இது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-இல் அந்தச் சட்டம் நீங்கிவிட்டாலும், போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்தாலே பதறும் பெரியவர்களை இன்றும் இங்கே காணலாம். அவர்களுடைய பேத்தி காக்கிச் சீருடைக்கு முன் எழுந்து நின்று கேள்வி கேட்கிறாள் என்றால், அது மாதம் ஒரு வகுப்பால் மட்டும் வந்துவிடாது. அதே முகம் மீண்டும் மீண்டும் வந்ததால் வந்த துணிச்சல்.

குறையும் அங்கேதான் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் தேவர் குருபூஜை, ஜனவரியில் ஜல்லிக்கட்டு, பிறகு சித்திரைத் திருவிழா என்று பந்தோபஸ்து பணிக்கு ஆள் தேவைப்படும்போதெல்லாம் முதலில் ரத்தாவது பள்ளி வகுப்புதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தலைமைக் காவலர் பணிமாறுதலில் போன பிறகு வந்தவர், மாணவர்களை மைதானத்தில் வெயிலில் உட்காரவைத்து, செல்போனின் தீமைகளைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசிவிட்டுக் கிளம்பினார். கேள்வி கேட்க நேரம் ஒதுக்கப்படவில்லை.

குழந்தையிடம் வாக்குமூலம் பெறும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் சொல்கிறது. காக்கிக்குக் குழந்தைகள் அஞ்சுவார்கள் என்பதைச் சட்டமே கணக்கில் கொண்டிருக்கும்போது, வகுப்புக்கும் சாதாரண உடையில் வந்தால் என்ன என்று கேட்டேன். மேலிடத்தில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். இன்னொன்றும் கேட்டேன். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் விதி. யார் மாறினாலும் பிள்ளைகளுக்குத் தெரியும்படி, அப்போதைக்கு அந்தப் பொறுப்பில் இருப்பவரின் பெயரையும் எண்ணையும் அறிவிப்புப் பலகையில் எழுதலாமே என்றேன். தலைமையாசிரியர் உடனே சம்மதித்தார். பலகையில் இன்னும் மாறுதலாகிப் போனவரின் எண்தான் இருக்கிறது. என் மகளும் அவள் தோழிகளும் அவரைத்தான் இப்போதும் அழைக்கிறார்கள், அவரும் எடுத்துப் பேசுகிறார்.