வலது நுரையீரல் பாஸ், இடது ஃபெயில்

எங்கள் பிசியோதெரபி கல்லூரிக்காக பெங்களூரு அவென்யூ ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் ரூ. 4,200 கொடுத்து நுரையீரல் மாடல் வாங்கினேன். கடைக்காரர் நம்மூர்க்காரர். “எல்லாமே கழன்று வரும் மேடம்” என்றார். கழன்றுதான் வருகிறது, காந்தமும் நன்றாகப் பிடிக்கிறது. மேசையிலிருந்து விழுந்தும் உடையவில்லை.

வலது நுரையீரல் அருமை. உட்பக்கத்தைத் திருப்பினால் வேர், அதாவது குழாய்கள் நுரையீரலுக்குள் நுழையும் இடம், தெளிவாகத் தெரிகிறது: உச்சியில் மேல்மடலுக்குப் போகும் மூச்சுக்கிளை, அடுத்து இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் பல்மனரி தமனி, அதன்கீழ் இன்னொரு மூச்சுக்கிளை, அடியில் கீழ்ச் சிரை. மேல் சிரை இவற்றுக்கு முன்னால். வேருக்கு மேலே அசைகஸ் என்னும் மார்புச் சிரை வளைந்துபோகும் பள்ளம்கூட இருக்கிறது. கீழே தொளதொளத்த சட்டைக் கை மாதிரி தொங்கும் புளூரா (நுரையீரல் உறை) மடிப்பையும் விடவில்லை. தமனிக்கு நீலம், சிரைக்குச் சிவப்பு. நுரையீரலில் தமனியில்தான் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் வரும், அதனால் அதுதான் சரி, பெயின்டரைத் திட்ட வேண்டாம்!

இடதுக்கு வந்தால்தான் வயிறு எரிகிறது. வலது அச்சையே அப்படியே புரட்டிப் போட்டிருக்கிறார்கள். இடது வேரில் தமனிதான் உச்சியில் இருக்க வேண்டும், அதன்கீழ் ஒரே மூச்சுக்கிளை. இதிலோ மூச்சுக்கிளை மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நுரையீரலைக் கையில் கொடுத்து “எந்தப் பக்கம்?” என்று கேட்டால், பிள்ளைகள் முக்கியமாகப் பார்ப்பதே இதைத்தானே! நடுவில் வைக்கும் இதயத் துண்டில் அயோர்ட்டா (உடலின் பெருந்தமனி) வளைவு உண்டு. அது வேரின் மேலாக வளைந்து பின்னால் இறங்கும். அது பதிய இடதில் பள்ளமே இல்லாததால் மூடினாலும் இடுக்கு தெரிகிறது.

நரம்புகள் இல்லவே இல்லை. உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பு வேருக்கு முன்னால், வேகஸ் நரம்பு பின்னால். மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் நமக்கு ஃப்ரெனிக் இல்லாமல் எப்படி? மஞ்சள் கம்பளி நூல் ஒட்டிச் சமாளிக்கிறேன். அயோர்ட்டா வளைவின் அடியில் சுற்றி மேலேறும் குரல்வளை நரம்புக்கும் ஒரு துண்டு. அங்கே கட்டி அழுத்தினால் குரல் கம்மும் என்பதைக் காட்ட வேண்டாமா?

மாற்றித் தரச் சொன்னால், “இதுவரை யாரும் குறை சொன்னதில்லை மேடம்” என்கிறார். பணமும் வரவில்லை. நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் முதலில் இடதைத் திருப்பிப் பாருங்கள்: உச்சியில் நீலக் குழாய் இருந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.