நியூயார்க்கா, ஹாங்காங்கா? சீன நிறுவனம் எங்கே பட்டியலிடும்?

பங்குச் சந்தையில் பட்டியலிட, சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபா முதலில் கதவைத் தட்டியது ஹாங்காங்கில்தான். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினரை முன்மொழியும் உரிமை தன் மூத்த நிர்வாகிகள் அடங்கிய பங்காளர் குழுவிடமே இருக்க வேண்டும் என்று அது கேட்டது. 'ஒரு பங்கு, ஒரு வாக்கு' என்ற விதியை ஹாங்காங் தளர்த்தவில்லை. நியூயார்க் சரி என்றது. 2014 செப்டம்பரில் அங்கே சுமார் 2,500 கோடி டாலர் திரண்டது. அதுவரை உலகம் கண்ட மிகப்பெரிய பங்கு வெளியீடு அது.

இழந்ததை ஹாங்காங் மறக்கவில்லை. 2018-இல் விதியை மாற்றியது. அதே ஆண்டு கைபேசி நிறுவனமான ஷாவ்மி வந்தது, 2019 நவம்பரில் அலிபாபாவும் இரண்டாவது பட்டியலுக்காக வந்து சேர்ந்தது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. சிறு முதலீட்டாளரைக் காத்த விதி, போட்டிக்காக வளைந்தது.

நியூயார்க்கின் பலம் ஆழமான பணப்புழக்கமும் தொழில்நுட்பப் பங்குகளுக்குப் பழகிய முதலீட்டாளர்களும். ஆனால் சீன நிறுவனத்துக்கு அங்கே அரசியல் ஆபத்தும் உண்டு. தணிக்கை ஆவணங்களைப் பார்க்க விடாத நிறுவனங்களை நீக்கலாம் என்று அமெரிக்கா 2020-இல் சட்டம் போட்டது. பெய்ஜிங்கின் அழுத்தம் தனி: 2021 ஜூனில் நியூயார்க்கில் நுழைந்த வாடகைக் கார் செயலி நிறுவனமான டிடி, ஓராண்டுக்குள் வெளியேறியது.

ஹாங்காங்கில் இன்னொரு வசதி, தகுதி பெற்ற பங்குகளைச் சீன உள்நாட்டு முதலீட்டாளர்கள் ஷாங்காய், ஷென்ஜென் சந்தைகள் வழியாகவே வாங்கலாம். நிறுவனர் தன் கட்டுப்பாட்டைத் தக்கவைக்கும் வாய்ப்பும் இப்போது அங்கே கிடைப்பதால், புதிதாக வரும் சீன நிறுவனத்துக்கு நான் ஹாங்காங்கைத்தான் சொல்வேன்.