மழையில் கூரைப் பாலம் பார்க்க: பார்க் கவுன்டியா, வெர்மான்டா?

அக்டோபர் மழையில் கார் கிளப்போடு கூரைப் பாலம் (கூரையும் பக்கச் சுவரும் வைத்த பழைய மரப் பாலம்) பார்க்கக் கிளம்புகிறீர்களா? என் ஓட்டு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் பார்க் கவுன்டிக்குத்தான் (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). ஒரே கவுன்டியில் 31 பாலங்கள், ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு நிறம் என்று பிரித்து வைத்திருப்பதால், பதினைந்து வண்டி வரிசையாகப் போனாலும் யாரும் தொலைய மாட்டார்கள். சில பாலங்களில் கார் போகாது, இறங்கி நனையத்தான் வேண்டும். பாலத் திருவிழா நடக்கும் பத்து நாளில் மட்டும் போகாதீர்கள், நெரிசல் தாங்காது.

வெர்மான்டில் நூறு பாலங்கள் இருக்கின்றன, சரி, ஆனால் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. மலைச்சாலை, நனைந்த மேப்பிள் இலை, பழைய கார்: வழுக்கும். ஆனாலும் நியூ ஹாம்ப்ஷயர் எல்லையில், 1866-இல் கட்டிய கார்னிஷ்-வின்ட்சர் பாலத்துக்குள் நுழைந்ததும் வைப்பரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிப் பாருங்கள், 449 அடிக்கும் தலைக்கு மேல் மழைச் சத்தம்தான். வாசலில் இன்னும் பலகை தொங்குகிறது: குதிரையை நடத்திச் செல்லாவிட்டால் இரண்டு டாலர் அபராதமாம்.